காணிக்கை, தசமபாகம், உக்கிராணத்துவம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எல்லாம் தேவனுடையது என்றால் என் வரவுசெலவில் என்ன மாற வேண்டும்?

கணக்குக் கொடுக்க வேண்டிய பரப்பு மாறுகிறது. ஆலயத்துக்காக ஏராளமாய்ச் சேர்த்துக் கொடுத்த பிறகும் தாவீது, "எல்லாம் உம்மால் உண்டானது, உமது கரத்திலே வாங்கி உமக்குக் கொடுத்தோம்" என்றுதான் ஜெபித்தான் (1 நாளாகமம் 29:14). உக்கிராணக்காரன் எஜமானின் பொருளைக் கையாளுகிறவன். அவனிடம் தேடப்படுவது உண்மை (1 கொரிந்தியர் 4:2). நூற்றுக்குப் பத்தான தசமபாகத்தைக் கொடுத்துவிட்டால் மீதித் தொண்ணூறைப் பற்றிக் கேள்வி இல்லை என்று நினைப்பவர் பலர். ஆனால் வேலையாளின் கூலியைப் பிடித்து வைத்துக்கொண்டு தசமபாகத்தைச் சரியாகச் செலுத்துகிறவனுக்கு எதிராக அந்தக் கூலியே கூக்குரலிடுகிறது என்கிறது புதிய ஏற்பாட்டின் யாக்கோபு நிருபம் (5:4). கொடுப்பது, சேமிப்பது, செலவழிப்பது, கூலி கொடுப்பது, வரி கட்டுவது எல்லாமே ஒரே உக்கிராணத்தில் அடங்கும்.

கிறிஸ்தவன் தசமபாகம் கொடுத்தே ஆக வேண்டுமா?

சபைகள் இதில் ஒருமனப்பட்டதில்லை. இரு பக்கமும் சொல்வதைத் தெரிந்துகொண்டு முடிவெடுப்பது நல்லது.

நியாயப்பிரமாணத்துக்கு முன்பே ஆபிரகாம் சாலேமின் ராஜாவும் ஆசாரியனுமான மெல்கிசேதேக்குக்குத் தசமபாகம் கொடுத்தான் (ஆதியாகமம் 14:20). அவன் பேரன் யாக்கோபு பெத்தேலில் அப்படிக் கொடுப்பதாகப் பொருத்தனை (நேர்த்தி) பண்ணினான் (28:22). ஆகவே இது மோசேயின் பிரமாணத்தைவிட மூத்தது என்பது ஒரு பக்கத்தின் வாதம். ஆபிரகாம் கொடுத்தது போரில் கைப்பற்றிய பொருளிலிருந்து, அதுவும் ஒரு தடவை. மாதாமாதம் கொடுத்ததாக வேதத்தில் இல்லை என்பது மறுபக்கம்.

மோசேயின் பிரமாணத்தில் தசமபாகம் ஒன்றல்ல. ஆலயப் பணி செய்த கோத்திரத்தாரான லேவியருக்கு ஒன்று (எண்ணாகமம் 18:21). கர்த்தருடைய சந்நிதியில் குடும்பத்தோடு புசித்து மகிழ இன்னொன்று (உபாகமம் 14:22-27). மூன்று வருஷத்துக்கு ஒருமுறை லேவியன், பரதேசி (அந்நியன்), திக்கற்ற பிள்ளை, விதவை ஆகியோருக்காக ஊர் வாசல்களில் சேர்த்துவைக்கும் பங்கு (14:28-29). மூன்றையும் தனித்தனியாக எண்ணினால் ஆண்டுச் சராசரி 23 சதவீதத்தைத் தாண்டும். மூன்றாவது இரண்டாவதற்குப் பதிலாக வந்தது என்று கொண்டால் ஏறத்தாழ 20. எதில் கொடுத்தார்கள் என்று பார்த்தால், நிலத்தின் விளைவு, மரத்தின் கனி, ஆடுமாடு. தச்சனின் கூலியிலும் மீனவனின் பிடியிலும் தசமபாகம் என்று அந்த அதிகாரங்களில் எழுதப்படவில்லை. இன்றைய "சம்பளத்தில் பத்து சதவீதம்" நேராக அங்கிருந்து எடுக்கப்பட்டதல்ல. அதைப் பின்பற்றிப் பின்னால் வகுத்துக்கொண்ட முறை.

இயேசு தசமபாகத்தைப் பழிக்கவில்லை. ஒற்தலாமிலும் (புதினா) சீரகத்திலும் கணக்குப் பார்த்துக் கொடுத்து நீதியையும் இரக்கத்தையும் விட்டவர்களைக் கண்டித்தார் (மத்தேயு 23:23). பவுல் காணிக்கையைப் பற்றி இரண்டு முழு அதிகாரங்கள் எழுதுகிறார் (2 கொரிந்தியர் 8, 9). அவற்றில் தசமபாகம் என்ற சொல்லே இல்லை. "விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல, தன் மனதில் நியமித்தபடியே" என்பது அங்கே உள்ள அளவு (9:7). சுமார் கி.பி. 197-இல் வட ஆப்பிரிக்கக் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் வர்ணிக்கும் சபையிலும் மாதம் ஒருமுறை, விருப்பமும் வசதியும் இருந்தால், கட்டாயமின்றிப் பெட்டியில் போட்டார்கள். தண்டனையோடு கூடிய சபைச் சட்டமாகத் தசமபாகம் வந்தது 585-ஆம் ஆண்டு, இன்றைய பிரான்சிலுள்ள மாகோனில் கூடிய ஆயர் சங்கத்தில். பிராங்கு அரசின் சட்டமானது 779-இல், அரசன் சார்லமேன் காலத்தில்.

எங்கள் முடிவு இது: பத்து சதவீதம் கிறிஸ்தவனுக்குச் சட்டமல்ல, ஆனால் நல்ல அளவுகோல். சட்டமில்லை என்ற வாதத்தை முன்வைப்பவர் இரண்டு சதவீதத்தில் நின்றுவிட்டால், அவரைத் தடுப்பது வேத விளக்கம்தானா என்று அவரே கேட்டுக்கொள்ள வேண்டும். மிகக் குறைந்த வருமானத்தில் தவிக்கிறவரைப் பத்தைக் காட்டி மிரட்டுவதும் தவறு.

முழுச் சம்பளத்திலா, கையில் வருவதிலா?

வேதம் இதற்கு நேரடி விடை தரவில்லை. இரண்டில் ஒன்றைத் தீர்மானித்து ஆண்டு முழுவதும் அதிலேயே நில்லுங்கள். மாதத்துக்கு மாதம் வசதிப்படி மாற்றுவதில்தான் நேர்மை கெடுகிறது. வரி பிடித்தபின் வருவதில் கணக்கிடுகிறவர், பின்னால் வரி திரும்பக் கிடைத்தால் அதையும் வரவில் சேர்க்க வேண்டும். முழுச் சம்பளத்தில் கொடுப்பவருக்கு அந்தத் தொகையில் ஏற்கெனவே கொடுத்தாயிற்று. ஓய்வூதிய நிதிக்கும் இதே தர்க்கம்: பிடித்தத்துக்கு முன்பே கொடுத்திருந்தால், பின்னால் திரும்பி வரும் உங்கள் சொந்தப் பங்குக்கு மறுபடி கொடுக்க வேண்டியதில்லை; மேலே வளர்ந்த பங்குக்குக் கொடுக்கலாம்.

கடனாக வாங்கிய பணம் வருமானம் அல்ல. சொத்து விற்றால் லாபமே வருமானம்: 100-க்கு வாங்கி, 10 செலவழித்துப் பழுதுபார்த்து, 160-க்கு விற்றால் கணக்குக்கு வருவது 50.

சொந்தத் தொழில் செய்கிறேன். எப்படிக் கணக்கிடுவது?

விற்பனையில் அல்ல, நிகர லாபத்தில். மாத விற்பனை 1,00,000. சரக்கு, வாடகை, கூலி, மின்கட்டணம், கடன் வட்டி எல்லாம் சேர்த்து 82,000 என்றால் லாபம் 18,000. அதில் பத்தில் ஒன்று 1,800. விற்பனையில் பத்தில் ஒன்றாக 10,000 எடுத்தால் சில மாதங்களில் சரக்கு வாங்கக் கையில் முதல் இருக்காது. பக்தியினால் தொழில் நொடிந்தது என்று சொல்லப்படும் கதைகள் சிலவற்றின் அடியில் இருப்பது இந்தக் கணக்குப் பிழைதான்.

இதற்கு எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. வீட்டுச் செலவையெல்லாம் கடைக் கணக்கில் எழுதி, லாபமே இல்லை என்று காட்டி, காணிக்கையைச் சுருக்குவது. தொழிலிலிருந்து உங்கள் வீட்டுக்கு எந்த வடிவில் போனாலும் அது உங்கள் வருமானம்.

வருமானம் நிலையாக இல்லை. என்ன செய்வது?

இரண்டு முறைகள் உண்டு. பணம் வரும்போதெல்லாம் அதிலேயே ஒரு சதவீதத்தை உடனே பிரித்து வைப்பது ஒன்று. கடந்த 12 மாத வருமானத்தைக் கூட்டி 12-ஆல் வகுத்து, அந்தச் சராசரியில் மாதாமாதம் ஒரே தொகை கொடுத்து, ஆண்டு முடிவில் கூடுதல் வரவுக்குச் சேர்த்துக் கொடுப்பது மற்றது. தினக்கூலிக்காரருக்கு முதலாவது பொருந்தும். பருவத்தில் மட்டும் வரவு உள்ளவருக்கு இரண்டாவது. "வாரத்தின் முதல்நாள்தோறும்... தன் தன் வரவுக்குத் தக்கதாக" எடுத்து வைக்கப் பவுல் சொன்னார் (1 கொரிந்தியர் 16:2). தாம் வந்து நிற்கும்போது அவசரமாய்த் திரட்ட வேண்டாம் என்பதே அவர் சொல்லும் காரணம்.

இதுவரை ஒழுங்காகக் கொடுத்ததில்லை. எங்கே தொடங்குவது?

முதலில் மூன்று மாதச் செலவை எழுதுங்கள். எதையும் மாற்றாமல், எழுத மட்டும் செய்யுங்கள். கடந்த மூன்று மாதத்தில் கொடுத்ததையும் வரவின் சதவீதமாகப் பாருங்கள். "நிறைய கொடுக்கிறேன்" என்று எண்ணியிருந்தவருக்கு எண் வேறாகத் தெரிவது வழக்கம்.

அடுத்து, இப்போது கொடுப்பதைவிட ஒன்றிரண்டு சதவீதம் கூடுதலாக ஒரு விகிதத்தைத் தீர்மானியுங்கள். சம்பளம் வந்த மறுநாளே அந்தத் தொகை தனிக் கணக்குக்கோ தனி உறைக்கோ போய்விடட்டும். மாதக் கடைசியில் மீதியிலிருந்து கொடுக்கத் திட்டமிட்டால் மீதி இராது. முதற்பலன் என்று நீதிமொழிகள் 3:9 சொல்வதன் நடைமுறை இதுதான்.

பிரித்த பணத்துக்குள்ளும் ஒரு பிரிவு தேவை. பெரும்பங்கு சபைக்கும் நீங்கள் தாங்கும் ஊழியங்களுக்கும் மாதந்தோறும் போகட்டும்; பத்தில் ஒன்றோ இரண்டோ எதிர்பாராத தேவைக்காக நிற்கட்டும். பக்கத்து வீட்டில் சாவு, நண்பனுக்கு வேலை இழப்பு என்று வரும்போது "இந்த மாதம் முடியாதே" என்று சொல்ல வேண்டியிராது. ஆறு மாதத்துக்கு மேல் அந்தப் பணம் அசையாமல் கிடந்தால், தேவை உள்ள இடத்தைத் தேடிக் கொடுத்துவிடுங்கள். கொடுப்பதற்கென்று ஒதுக்கியது சேமிப்பாக உறைந்துபோவது சத்தமில்லாமல் நடக்கும் தவறு.

ஆண்டுக்கு ஒருமுறை விகிதத்தை மறுபடி பாருங்கள்.

கடன் இருக்கும்போது காணிக்கை கொடுக்கலாமா?

கடன் எப்படிப்பட்டது என்பதைப் பொறுத்தது. தவணை தவறாமல் கட்டிவரும் வீட்டுக் கடனைக் காரணம் காட்டி இருபது ஆண்டுகள் கொடுக்காமல் இருக்க முடியாது. அதிக வட்டிக் கடன் கழுத்தை நெரிக்கிறது, தவணை தவறிவிட்டது, கைமாற்று தந்தவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார் என்றால் கதை வேறு. "துன்மார்க்கன் கடன்வாங்கிச் செலுத்தாமற்போகிறான்" என்கிறது சங்கீதம் 37:21. அடுத்தவருக்குச் சேர வேண்டிய பணத்தைக் காணிக்கைப் பெட்டியில் போடுவது, அவர் பணத்தை நாம் தானம் செய்வதாகும். அந்த நிலையில் ஒரு சிறு விகிதத்தை, ஒன்றோ இரண்டோ, விடாமல் வைத்துக்கொண்டு மீதியைக் கடனுக்குத் திருப்புங்கள். வட்டி அதிகமான கடனை முதலில் முடியுங்கள். ஒரு கடன் முடிந்ததும் அந்தத் தவணையில் பாதியை அடுத்த கடனுக்கும் பாதியைக் காணிக்கைக்கும் மாற்றலாம்.

காணிக்கை கொடுப்பதற்காகக் கடன் வாங்காதீர்கள். நகையை அடகு வைத்தாவது கொடுக்கச் சொல்லும் மேடையிலிருந்து எழுந்து போய்விடுங்கள். "ஒருவனுக்கு மனவிருப்பமிருந்தால், அவனுக்கு இல்லாததின்படியல்ல, அவனுக்கு உள்ளதின்படியே அங்கிகரிக்கப்படும்" என்பது பவுல் வைத்த வரம்பு (2 கொரிந்தியர் 8:12).

வயதான பெற்றோரைத் தாங்குகிறேன். அதைக் காணிக்கையாகக் கணக்கிடலாமா?

அது முதற்கடமை, காணிக்கைக்குப் பின் வருவதல்ல. தாய் தகப்பனுக்குச் சேர வேண்டியதைக் "கொர்பான்" (தேவனுக்குக் காணிக்கை) என்று ஒதுக்கிவிட்டுக் கைகழுவியவர்களை இயேசு கடுமையாகப் பேசினார் (மாற்கு 7:9-13). தன் வீட்டாரை விசாரியாதவன் அவிசுவாசியிலும் கெட்டவன் என்றார் பவுல் (1 தீமோத்தேயு 5:8). பெற்றோரின் மருந்துச் செலவு வரவில் பெரும்பகுதியை விழுங்கினால் விகிதத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். குற்ற உணர்வு தேவையில்லை.

தசமபாகம் முழுவதும் உள்ளூர்ச் சபைக்கே போக வேண்டுமா?

மல்கியா 3:10-இல் வரும் பண்டசாலையே இன்றைய சபை என்று பல போதகர்கள் சொல்கிறார்கள். அந்தப் பண்டசாலை ஆலயத்தில் தானியம் சேர்த்து வைத்த அறை. நெகேமியா 13:10-இல் அதன் பயன் தெரிகிறது: பங்கு வராததால் லேவியர் ஆலயப் பணியை விட்டுத் தங்கள் வயல்களுக்குப் போய்விட்டார்கள். ஆகையால் உங்களுக்கு வசனம் போதிக்கிறவர், நீங்கள் கூடும் கட்டடம், உங்கள் சபையின் ஏழைகள் ஆகியவற்றுக்கு முதலிடம் கொடுப்பது நியாயம் (கலாத்தியர் 6:6). சபையின் பலனை அனுபவித்துக்கொண்டு பணம் முழுவதையும் வெளியே அனுப்புகிறவர் தம் பாரத்தை அடுத்தவர் தோளில் வைக்கிறார். அதே சமயம், உபாகமம் 14:29-இன் விதவையும் பரதேசியும் உங்கள் சபையின் செலவுத் திட்டத்தில் எங்கும் இல்லையென்றால், அவர்கள் பங்கை நீங்களே நேரில் கொடுக்கத் தடையில்லை.

நான் விதைத்தால் தேவன் நூறத்தனையாய்த் திருப்பித் தருவாரா?

குறிப்பிட்ட தொகையை அனுப்பினால் குறிப்பிட்ட நாளுக்குள் வேலை, விசா, சுகம், கடன் விடுதலை என்று வாக்களிக்கும் "விதை காணிக்கை" அழைப்புக்கு வேதத்தில் இடம் இல்லை. நூறு மடங்கு என்ற சொல் விதைக்கிறவன் உவமையில் வசனத்தின் பலனைக் குறிக்கிறது. பணத்தின் வட்டியை அல்ல. பெருக விதைக்கிறவன் பெருக அறுப்பான் என்று பவுல் சொல்லத்தான் செய்கிறார் (2 கொரிந்தியர் 9:6). அவர் சொல்லும் அறுப்பு எது? "சகலவித நற்கிரியைகளிலும் பெருகுகிறவர்களாயிருக்கும்படி" (9:8), அதாவது இன்னும் கொடுக்கத் திராணி. பவுல் அப்போது திரட்டிய பணம் போனதோ எருசலேமின் ஏழைப் பரிசுத்தவான்களுக்கு. பவுலின் பைக்கு அல்ல.

ஆதிச்சபைக்கு இந்தத் தொல்லை புதிதல்ல. முதல் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி எழுந்த டிடாக்கே என்னும் சபை ஒழுங்குநூல், ஆவியில் பேசுவதாகச் சொல்லி "எனக்குப் பணம் தா" என்று கேட்கிறவன் கள்ளத்தீர்க்கதரிசி என்றும், தேவையுள்ள மற்றவர்களுக்காகக் கேட்டால் அவனை நியாயந்தீர்க்க வேண்டாம் என்றும் விதித்தது. இன்றைக்கும் இதைவிடச் சுருக்கமான சோதனை கிடைக்காது.

பொருத்தனை பண்ணிவிட்டேன், நிறைவேற்ற முடியவில்லை.

நேர்ந்துகொண்டு செலுத்தாதிருப்பதைவிட நேர்ந்துகொள்ளாதிருப்பதே நலம் (பிரசங்கி 5:5). ஆகவே லேசாக விடாதீர்கள். வாக்குக் கொடுத்த இடத்தில் நிலைமையைச் சொல்லுங்கள், காலத்தை நீட்டுங்கள், சிறு தவணைகளாகப் பிரியுங்கள். உங்கள் தொகையை நம்பிக் கட்டட வேலை தொடங்கியிருந்தால், வாய்மூடி இருப்பதுதான் பெரிய கேடு செய்யும். கூட்டத்தின் உணர்ச்சிவேகத்தில் கை தூக்கியிருந்தால் பொறுப்புள்ள மூப்பர் ஒருவரிடம் பேசி விடுவித்துக்கொள்ளலாம். அடுத்த தடவைக்கு ஒரு விதி: கூட்டத்தில் எந்தத் தொகையும் அறிவிக்காதீர்கள், ஓர் இரவு கடந்து, வீட்டாரோடு பேசி, மறுநாள் எழுதிக் கொடுங்கள்.

கணவரோ மனைவியோ விசுவாசியல்ல, சம்மதிக்கவில்லை.

இருவரின் பொதுப் பணத்திலிருந்து மறைத்து எடுத்துக் கொடுக்க வேண்டாம். தெரிய வரும் நாளில் காணிக்கையோடு சுவிசேஷமும் அந்த வீட்டில் பழியேற்கும். உங்கள் தனிப்பட்ட செலவுக்கென்று இருவரும் ஒத்துக்கொண்ட தொகையிலிருந்து கொடுங்கள். இருவருக்கும் சம்மதமான உதவி ஏதாவது இருக்கும்: ஒரு பிள்ளையின் படிப்பு, ஒரு நோயாளியின் சிகிச்சை. அங்கிருந்து தொடங்கலாம்.

தவறான வழியில் வந்த பணத்தைக் காணிக்கையாகக் கொடுத்தால் சுத்தமாகுமா?

ஆகாது. கொள்ளைப் பொருளால் இட்ட தகனபலியைக் கர்த்தர் வெறுக்கிறார் (ஏசாயா 61:8). ஆயக்காரனாகிய (வரி வசூலிப்பவன்) சகேயு செய்த இரண்டும் வேறு வேறு காரியங்கள்: ஏழைகளுக்குப் பாதி, அவன் அநியாயமாய் வாங்கினவர்களுக்கு நாலத்தனை (நான்கு மடங்கு). பறித்ததை யாரிடம் பறித்தோமோ அவரிடமே திருப்ப வேண்டும். அவரைக் கண்டுபிடிக்கவே முடியாதபோதுதான் ஏழைகளுக்கு.

இடதுகை அறியாமல் கொடுக்க இயேசு சொன்னாரே. ரசீது வாங்கலாமா?

வாங்கலாம். மத்தேயு 6 கண்டிப்பது மனுஷர் காணும்படி செய்வதை. ரசீது வெளிச்சம் போடுவதல்ல, வாங்கினவரைப் பொறுப்பாளியாக்குவது. சட்டம் அனுமதிக்கும் வரிச்சலுகையைப் பெறுவதிலும் தவறில்லை. மிச்சமாகும் தொகையையும் சேர்த்துக் கொடுக்கலாம். பலகையில் பெயர் பொறிக்கச் சொல்லிக் கேட்பது, தொகையைச் சொல்லிக் கைதட்டல் வாங்குவது, கொடுத்த பின் சபை முடிவுகளில் கூடுதல் குரல் எதிர்பார்ப்பது, இவைதான் வசனத்தின் குறி.

சபையில் காணிக்கையை எண்ணிக் கணக்கு வைக்கும் சரியான முறை என்ன?

யோவாஸ் ராஜாவின் 23-ஆம் வருஷம் வரை ஆலயப் பழுதுபார்ப்புக்கென்று ஆசாரியர் பணம் வாங்கினார்கள், வேலை நடக்கவில்லை. அப்போது ஆசாரியனாகிய யோய்தா ஒரு பெட்டியின் மூடியில் துவாரமிட்டுப் பலிபீடத்தண்டையில் வைத்தான். பெட்டி நிறைந்ததும் ராஜாவின் சம்பிரதியும் (எழுத்தனும்) பிரதான ஆசாரியனும் சேர்ந்து எண்ணிக் கட்டினார்கள் (2 இராஜாக்கள் 12:6-10). இரண்டு பேர், இரண்டு வேறு பொறுப்புகள். பாபிலோனிலிருந்து எருசலேமுக்குத் திரும்பிய வேதபாரகன் எஸ்றாவோ பொன்னையும் வெள்ளியையும் நிறுத்து 12 ஆசாரியரிடம் ஒப்படைத்து, எருசலேம் சேர்ந்ததும் மறுபடி நிறுத்து எடையை எழுதவைத்தான் (எஸ்றா 8:24-34).

இதை இன்றைக்குப் பொருத்தினால்:

- ஆராதனை முடிந்தவுடன், சபை வளாகத்திலேயே, ஒரே குடும்பத்தைச் சேராத இரண்டு பேராவது எண்ண வேண்டும். ஒருவர் தனியாகப் பையை வீட்டுக்குக் கொண்டுபோகவே கூடாது. அவர் எவ்வளவு நல்லவராயிருந்தாலும்.
- நோட்டு வாரியாக எண்ணிக்கை, காசோலை, நோக்கம் குறித்த உறைகள் எல்லாம் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். ஒரு நகல் பொருளாளரிடமும், ஒரு நகல் வேறொருவரிடமும் இருக்கட்டும்.
- வந்த பணம் முழுவதும் முதலில் வங்கிக்குப் போக வேண்டும். வந்த பையிலிருந்தே சில்லறைச் செலவை எடுத்துவிட்டு மீதியைக் கட்டினால், பின்னால் எந்த எண்ணும் ஒத்துப்போகாது.
- எண்ணுபவர், கணக்கு எழுதுபவர், காசோலையில் கையெழுத்திடுபவர் மூவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. போதகர் எண்ணாதிருப்பது அவருக்கே பாதுகாப்பு.
- மாதம் ஒருமுறை வங்கிக் கணக்கோடு ஒப்பிட்டு, காலாண்டுக்கு ஒருமுறை சபைக்கு வாசித்து, ஆண்டுக்கு ஒருமுறை வெளியாள் ஒருவரைக் கொண்டு தணிக்கை செய்யுங்கள்.

பணம் காணாமற்போவது பெரும்பாலும் எண்ணுவதற்கு முன்னால், பெட்டிக்கும் மேசைக்கும் இடையில். இணையவழிக் காணிக்கையிலும் கவனம் வேண்டும்: சுவரில் ஒட்டிய கியூஆர் குறியின்மேல் வேறொன்றை ஒட்டிவிடுவதும், போதகர் பெயரில் போலிச் செய்தி அனுப்பி அவசர உதவி கேட்பதும் நடக்கின்றன. வாரம் ஒருமுறை குறியை ஸ்கேன் செய்து கணக்கின் பெயரைச் சரிபாருங்கள். பணம் கேட்டு வரும் செய்திக்கு, தெரிந்த எண்ணில் அழைத்துப் பேசாமல் அனுப்பாதீர்கள்.

கட்டடத்துக்கென்று வந்த பணத்தைக் கட்டடத்துக்கே செலவிடுங்கள். மிஞ்சினால் கொடுத்தவர்களைக் கேட்டு மாற்றுங்கள். போதும் என்று நிறுத்தவும் செய்யலாம்: வனாந்தரத்தில் இஸ்ரவேலர் அமைத்த ஆராதனைக் கூடாரமான ஆசரிப்புக்கூடாரத்துக்குத் தேவைக்கு அதிகமாய் வந்தபோது இனிக் கொண்டுவர வேண்டாம் என்று மோசே பாளயமெங்கும் கூறுவித்தான் (யாத்திராகமம் 36:6). இன்று அப்படி ஓர் அறிவிப்பு கேட்பது அபூர்வம்.

ஊழியக்காரரிடம் கணக்குக் கேட்பது அவிசுவாசமா?

எருசலேமுக்கான பணத்தைக் கொண்டுபோகச் சபைகள் தெரிந்தெடுத்த ஒரு சகோதரனைப் பவுல் கூடவே சேர்த்துக்கொண்டார். ஒருவனும் குற்றப்படுத்தாதபடிக்கு என்று காரணமும் சொன்னார் (2 கொரிந்தியர் 8:19-21). அப்போஸ்தலனுக்குத் தேவைப்பட்டது மற்றவர்களுக்கு அவமானமாகாது.

கேட்க வேண்டியவை சில: தணிக்கை செய்த கணக்கு உண்டா, நிர்வாகக் குழுவில் குடும்பத்துக்கு வெளியே எத்தனை பேர், வங்கிக் கணக்கு நிறுவனத்தின் பெயரிலா தனிநபர் பெயரிலா, சம்பளத்தை யார் தீர்மானிக்கிறார்கள். பதிலுக்குச் சாபம் வந்தால் அதுவே பதில். நிர்வாகச் செலவு குறைவாக இருப்பதை மட்டும் வைத்து நல்ல நிறுவனம் என்று எண்ணிவிடாதீர்கள். கணக்காளருக்கே பணம் ஒதுக்காத இடத்தில் கணக்கும் இராது.

வருமானம் கூடும்போது?

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி தம் பிரசங்கம் ஒன்றில் ஆக்ஸ்போர்டு நண்பர் வட்டத்தில் ஒருவரின் கணக்கைச் சொல்கிறார். முதல் ஆண்டு வருமானம் 30 பவுண்டு. 28-இல் வாழ்ந்து 2 கொடுத்தார். அடுத்த ஆண்டு 60 வந்தது, 28-இலேயே வாழ்ந்து 32 கொடுத்தார். பிறகு 90-இல் 62, 120-இல் 92. எல்லோருக்கும் இது முடியாது. பிள்ளைகள் வளர, விலைவாசி ஏறச் செலவும் ஏறும். ஆனால் சம்பள உயர்வு வரும் நாளிலேயே, அது வாழ்க்கையில் கரைந்துபோகுமுன், உயர்வில் மட்டும் கூடுதல் விகிதம் எடுக்கலாம். அடிப்படை வருமானத்தில் 10 சதவீதம், உயர்வில் 25 என்று வைத்தால், 1,000 வாங்கியவர் 1,400-க்கு உயரும்போது காணிக்கை 100-லிருந்து 200 ஆகும்; கையிலும் 300 கூடுதலாக நிற்கும்.

கொடுக்க ஒன்றுமே இல்லாதபோது?

வாங்குங்கள். மக்கெதோனியர் கொடுத்தார்கள், எருசலேமியர் வாங்கினார்கள், இருவரும் சபைதான். சமநிலை உண்டாகும்படி உங்கள் குறைவுக்கு அவர்கள் மிகுதி என்றே பவுல் எழுதினார் (2 கொரிந்தியர் 8:14). இரண்டு காசு போட்ட விதவையைக் காட்டி ஏழைகளிடம் கேட்கிறவர்கள், அதற்கு இரண்டு வசனம் முன்னால், விதவைகளின் வீடுகளைப் பட்சிப்போரை இயேசு எச்சரித்ததையும் சேர்த்து வாசிக்க வேண்டும் (மாற்கு 12:40). வேலை இழந்திருந்தால் சபை மூப்பரிடம் சொல்லுங்கள்: எத்தனை மாத வாடகை பாக்கி, எவ்வளவு மளிகை தேவை, எப்போது வரவு எதிர்பார்க்கிறீர்கள் என்று எண்களோடு சொன்னால் அவர்களுக்கு உதவுவது எளிது.